காப்புக்காட்டு ஓரத்துக் கல்குவாரியை ஊரார் கண்காணிப்பது எப்படி? கிருஷ்ணகிரி, தருமபுரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் காப்புக்காட்டை ஒட்டிய ஊர்களில் கிராம சபை கூடினாலும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு வரிசையில் நின்றாலும், கல்குவாரி பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் பேச்சிலேயே அந்தக் கேள்விகளைத் தந்திருக்கிறோம். ஒரு பதிலில் சொன்னது இன்னொன்றுக்கும் பொருந்தினால் கேள்வி எண்ணை மட்டும் குறித்திருக்கிறோம்.

1. காட்டோரத்துல குவாரி ஓடுதுங்க. அதைப் பத்திக் கேள்வி கேக்க எங்களுக்கு உரிமை இருக்குதுங்களா?

இருக்கிறது. காடுகளையும் நீர்நிலைகளையும் காப்பது குடிமக்களின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 51-ஏ(ஜி) பிரிவே சொல்கிறது. குவாரிக்குக் கொடுத்த அனுமதிகள் அரசு ஆவணங்கள். அவற்றைப் பார்க்கவும் நகல் வாங்கவும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 வழி தருகிறது.

குத்தகை நிலத்துக்குள் நுழைவது மட்டும் உரிமை ஆகாது. குழிக்குள் இறங்கிப் படம் எடுத்தால் அத்துமீறல் வழக்கு உங்கள் மேல் திரும்பும். பொதுச் சாலை, வண்டிப்பாதை, உங்கள் சொந்த நிலம் ஆகிய இடங்களில் நின்று பார்த்தாலே இந்தப் பக்கத்தில் சொல்லும் வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம்.

2. காப்புக்காடு, சரணாலயம், புறம்போக்கு எல்லாம் ஒண்ணுதானே? எல்லாத்துலயும் மரம்தான் இருக்குது.

பார்வைக்கு ஒன்றுதான், சட்டத்தில் மூன்றும் வேறு. காப்புக்காடு என்பது 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட நிலம். சரணாலயம் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. நம் பக்கத்தில் காவேரி வடக்கு சரணாலயம் 2014-இல் சுமார் 504 சதுர கிலோமீட்டரிலும், காவேரி தெற்கு சரணாலயம் 2022 நவம்பரில் சுமார் 686 சதுர கிலோமீட்டரிலும் அறிவிக்கப்பட்டன. இரண்டும் பழைய காப்புக்காடுகளைச் சேர்த்து உருவானவை. அதனால் பெயரில் இன்னும் 'காப்புக்காடு' என்று இருக்கும் ஒரு நிலம் இன்று சரணாலயத்துக்குள் இருக்கலாம். முதலில் அதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அடுத்த கேள்விக்கான பதிலே அதைப் பொறுத்து மாறும்.

புறம்போக்கு வருவாய்த் துறையின் நிலம். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில் கல்லாங்குத்து, மலை, பாறை, தீர்வை ஏற்படாத தரிசு என்று வகை எழுதியிருக்கும். குவாரி குத்தகைகள் பெரும்பாலும் இத்தகைய புல எண்களிலோ பட்டா நிலத்திலோதான் விடப்படும். காப்புக்காட்டுக்கு உள்ளேயே கல் எடுப்பதென்றால் 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் முன் ஒப்புதல் வேண்டும்.

3. காட்டுலேர்ந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள குவாரியே கூடாதுன்னு சொல்றாங்க. அப்புறம் எப்படி ஓடுது?

இந்த மாவட்டங்களில் அதிகம் குழப்பும் கேள்வி இதுதான். 2021 நவம்பரில் தமிழ்நாடு அரசு, சிறுகனிமச் சலுகை விதிகள் 1959-இன் 36-ஆம் விதியைத் திருத்தியது. தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம், யானை வழித்தடம், காப்புக்காடு ஆகியவற்றின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்றது. 2022 டிசம்பரில் வந்த இன்னொரு திருத்தம் அந்தப் பட்டியலிலிருந்து காப்புக்காட்டை மட்டும் எடுத்துவிட்டது. ஆகவே வெறும் காப்புக்காடாக இருக்கும் இடத்துக்கு அந்த ஒரு கிலோமீட்டர் இன்று கைகொடுக்காது. இந்தத் திருத்தம் காட்டோர ஊர்களுக்குப் பெரிய இழப்பு என்பதே எங்கள் கருத்து.

சரணாலயத்துக்கு நிலைமை வேறு. சரணாலயத்துக்குள்ளும் அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளும் சுரங்கப் பணி கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 26 அன்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரி பக்கத்து ஊர்கள் மனு எழுதும்போது 'காப்புக்காடு அருகே' என்று எழுதி விட்டுவிடக் கூடாது. அந்த இடம் எந்தச் சரணாலயத்தின் எல்லையிலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதுங்கள். அந்த ஒரு வரிக்காகவே மனு வேறு மேசைக்குப் போகும்.

4. குவாரி ஓடணும்னா என்னென்ன பேப்பர் இருக்கணும்?

மாவட்ட ஆட்சியர் வழியாக வந்த குத்தகைப் பத்திரம், ஒப்புதல் பெற்ற சுரங்கத் திட்டம், மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் அனுமதிக் கடிதம், மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை, வெடிமருந்துக்கான உரிமம் அல்லது உரிமம் பெற்றவருடன் செய்த ஒப்பந்தம், வெளியே போகும் ஒவ்வொரு லோடுக்கும் நடைச்சீட்டு. பாரடைசோ, கருப்பு கிரானைட் போன்ற அலங்காரக் கல்லுக்கு இவற்றோடு 1999-ஆம் ஆண்டு கிரானைட் விதிகளும் பொருந்தும். அதில் குத்தகை குறைந்தது 20 ஆண்டு, அதிகபட்சம் 30 ஆண்டு.

ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான சின்னக் குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்று இன்னமும் சிலர் சொல்வார்கள். 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாசலை அடைத்துவிட்டது.

5. அதுல நாங்க எதை முக்கியமா வாங்கணும்?

இரண்டு போதும்: சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதம், சுரங்கத் திட்டம். அனுமதிக் கடிதத்தில் புல எண், பரப்பு, எல்லை மூலைகளின் அட்சரேகை தீர்க்கரேகை, ஆண்டுக்கு எவ்வளவு கன மீட்டர், எவ்வளவு ஆழம் வரை, என்னென்ன நிபந்தனை என்று எல்லாம் இருக்கும். சுரங்கத் திட்டத்தில் ஆண்டுவாரியாக எந்தப் பக்கம் எவ்வளவு வெட்டுவார்கள், கழிவுக்கல்லை எங்கே கொட்டுவார்கள் என்ற வரைபடம் இருக்கும். கண்காணிப்பது என்றால் இந்தக் காகிதத்தையும் தரையில் நடப்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். காகிதம் கையில் இல்லாமல் தொடங்கினால், "அனுமதி இருக்குதுங்க" என்ற ஒரே பதிலில் பேச்சு முடிந்துவிடும்.

அனுமதிக் கடிதம் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் கிடைக்கும். மாவட்டம், கிராமம் அல்லது குத்தகைதாரர் பெயரைக் கொண்டு தேடுங்கள். கிராமப் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருப்பார்கள் என்று இரண்டு மூன்று விதமாக முயன்று பாருங்கள். அனுமதி கிடைத்ததும் குத்தகைதாரர் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் தர வேண்டும், ஊராட்சிக்கும் நகல் அனுப்ப வேண்டும், ஊராட்சி அதை 30 நாள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் அந்த நகலைக் கேட்டுப் பாருங்கள். மேலும், நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினோம் என்று ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் குத்தகைதாரர் அரையாண்டு அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையில் 'மரம் நட்டோம், தண்ணீர் தெளித்தோம்' என்று எழுதியிருப்பதையும் களத்தில் இருப்பதையும் ஒப்பிடுவதுதான் நாங்கள் அறிந்தவரை பலன் தரும் முதல் வேலை.

6. தகவல் உரிமைச் சட்டத்துல எப்படிக் கேக்கறது? போன தடவை 'வணிக ரகசியம்'னு திருப்பிட்டாங்க.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள புவியியல் மற்றும் சுரங்கத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுதுங்கள். 'ஏன் அனுமதித்தீர்கள்' என்று கேட்காதீர்கள். காரணம் கேட்கும் கேள்விக்குத் தகவல் இல்லை என்று எளிதாகத் தட்டிக்கழிப்பார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள்: 'இன்ன வட்டம், இன்ன கிராமம், புல எண் இன்னதில் உள்ள கல்குவாரியின் குத்தகை ஆணை, ஒப்புதல் பெற்ற சுரங்கத் திட்டம் வரைபடங்களுடன், கடந்த மூன்று நிதியாண்டுகளில் வழங்கிய நடைச்சீட்டுகளின் மாதவாரி எண்ணிக்கையும் அளவும், கடைசி மூன்று ஆய்வு அறிக்கைகள்.' ஒரு மனுவில் ஒரு குவாரி. பத்துக் குவாரியைச் சேர்த்துக் கேட்டால் பத்துக்கும் பதில் வராது.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ மறுத்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது. 'வணிக ரகசியம்' என்பது 8(1)(டி) பிரிவு. அரசே கொடுத்த ஆணையும், அரசே ஒப்புதல் தந்த திட்டமும் அதில் அடங்காது என்று மேல்முறையீட்டில் எழுதுங்கள். சில பக்கங்களில் உண்மையிலேயே ரகசியம் இருந்தால் 10-ஆம் பிரிவின்படி அந்தப் பகுதியை மட்டும் மறைத்து மீதியைத் தரலாம். நகலே வேண்டாம், கோப்பை நேரில் பார்க்கிறேன் என்றும் கேட்கலாம். பெரிய வரைபடங்களுக்கு அதுதான் வசதி.

7. போன்ல இருக்கற ஜிபிஎஸ் வெச்சு எல்லையைப் பாக்கலாங்களா?

பார்க்கலாம், ஆனால் அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். வெட்டவெளியில் ஒரு சாதாரண போன் மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை பிசகும். மரத்தடியிலும் செங்குத்துப் பாறையின் அடியிலும் இன்னும் கூடும். ஓர் இடத்தில் இரண்டு நிமிடம் அசையாமல் நின்று, எண்கள் நிலைத்த பிறகு குறியுங்கள்.

பெரும்பாலோர் சறுக்கும் இடம் எண்களை மாற்றுவதில்தான். அனுமதிக் கடிதத்தில் 12°30'15" என்று பாகை, நிமிடம், நொடியாக இருக்கும். போன் வரைபடம் தசமத்தில் கேட்கும். அதை 12.3015 என்று அடித்தால் 22 கிலோமீட்டர் தள்ளி வேறு ஏதோ ஊரைக் காட்டும். சரியான கணக்கு: நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டும், நொடியை 3600-ஆல் வகுக்க வேண்டும், இரண்டையும் பாகையோடு கூட்ட வேண்டும். 30/60 = 0.5; 15/3600 = 0.004167, ஆக 12.504167. ஒரு நொடி என்பது தரையில் ஏறக்குறைய 30 மீட்டர் என்பதை நினைவில் வையுங்கள். கடிதத்தில் நொடிக்குப் பின் தசமம் இல்லாமல் முழு எண்ணாக மட்டும் இருந்தால், அந்த எல்லையே அந்த அளவுக்குத் தோராயமானது. அப்போது மூலை எண்களை விட்டுவிட்டு, அந்தப் புல எண்ணின் நில அளவை வரைபடமான புலப்படத்தை நம்புங்கள்.

8. எல்லை தாண்டி வெட்டிட்டாங்கன்னு கண்ணுக்கே தெரியுது. இதை எப்படி நிரூபிக்கறது?

மூன்று அடுக்காகச் செய்யுங்கள். முதலில் கூகுள் எர்த்தில் மூலைகளைக் குறித்து இணைத்து, பழைய படங்களைக் காட்டும் வசதியில் ஆண்டுவாரியாக நகர்த்திப் பாருங்கள். குழி எந்த ஆண்டில் கோட்டைத் தாண்டியது என்று தெரியும். படம் எடுத்த தேதி திரையிலேயே இருக்கும், அதோடு சேர்த்துச் சேமியுங்கள். அந்தப் படமே சில மீட்டர் விலகியிருக்கக்கூடும் என்பதால் 40 மீட்டர், 50 மீட்டர் அத்துமீறலுக்கு அது நல்ல ஆதாரம், நான்கைந்து மீட்டருக்கு ஆதாரம் ஆகாது.

இரண்டாவது, புலப்படம். அரசின் மின்சேவைத் தளத்தில் புல எண்ணைக் கொடுத்துப் படத்தை எடுத்து, பக்கத்துப் புல எண்கள் எவை, ஓடை எங்கே, காட்டு எல்லை எங்கே என்று பாருங்கள். பட்டா நிலத்தை ஒட்டி 7.5 மீட்டர், அரசு நிலத்தை ஒட்டி 10 மீட்டர், ஓடை, சாலை, உயரழுத்த மின்கம்பி இருந்தால் 50 மீட்டர் என்று வெட்டாமல் விட வேண்டிய இடம் சுரங்கத் திட்ட வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டியிருக்கும். குடியிருப்பிலிருந்து 300 மீட்டர். அந்த விடுபட்ட பட்டையைத்தான் முதலில் தின்பார்கள். காட்டோரத்தில் எல்லைக் கற்குவியல் பிடுங்கப்பட்டிருந்தால் அதன் எண்ணைச் சொல்லி வனச்சரகருக்குத் தனியாக எழுதுங்கள்.

மூன்றாவதுதான் தீர்மானமானது: கூட்டு அளவை. வருவாய்த் துறை, சுரங்கத் துறை, வனத் துறை மூன்றும் நில அளவையரோடு வந்து அளக்க வேண்டும் என்று மனுவில் கேளுங்கள். நம் அளவு அந்த நாளை வரவழைப்பதற்கான காரணம், தீர்ப்பு எழுதப்போவது அவர்கள் அளவுதான்.

9. எவ்வளவு கல்லு எடுத்தாங்கன்னு நாமளே கணக்குப் போட முடியுமா?

தோராயமாக முடியும். கூகுள் எர்த்தில் குழியின் பரப்பை அளக்கலாம். ஆழத்துக்கு, குழியின் பக்கச் சுவரில் படிப்படியாக வெட்டியிருக்கும் படிக்கட்டுகளை எண்ணுங்கள். ஒரு படி எத்தனை மீட்டர் என்று சுரங்கத் திட்டத்திலேயே இருக்கும், பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு. படியே இல்லாமல் நேராக வெட்டியிருந்தால் அதுவே தனிப் புகார். அப்போது அடியில் நிற்கும் பெரிய ஹிட்டாச்சியை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள், அதன் கேபின் உச்சி ஏறக்குறைய மூன்று மீட்டர்.

60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், சராசரி 12 மீட்டர் ஆழம் என்றால் 28,800 கன மீட்டர். ஒரு கன மீட்டர் சாதாரணக் கிரானைட் சுமார் 2.65 டன். ஆக 76,000 டன்னுக்கு மேல். 20 டன் ஏற்றும் டிப்பரில் 3,800 லோடு. நடைச்சீட்டுக் கணக்கு (கேள்வி 6) 900 லோடு என்று சொன்னால் மீதி எங்கே என்று கேட்கலாம்.

ஆனால் இந்தக் கணக்கு ஜல்லி, எம்-சாண்ட் குவாரிக்குத்தான் நேராகப் பொருந்தும். அங்கே வெட்டியதில் ஏறக்குறைய எல்லாமே வெளியே போகும். அலங்காரக் கிரானைட்டில் விற்கத்தக்க பிளாக் கொஞ்சம்தான், பெரும்பகுதி உடைசல் கல்லாகக் குவியலில் கிடக்கும். குவியலின் அளவைக் கழிக்காமல் கணக்குக் காட்டினால் அடுத்த நிமிடமே உடைத்துவிடுவார்கள். குவியலில் கற்களுக்கிடையே காற்று இருப்பதால் அதன் கன அளவு திடப்பாறையை விட அதிகமாகத் தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

10. லாரியை எண்ணி என்ன பிரயோஜனம்? நிறுத்திச் சீட்டைக் கேக்கலாமா?

நிறுத்தாதீர்கள். அந்த அதிகாரம் அலுவலர்களுக்குத்தான். வழி மறித்தால் வழக்கு உங்கள் மேல் வரும்.

எண்ணுவதில் பலன் நிறையவே உண்டு. ஒரு நோட்டில் தேதி, நேரம், வண்டி எண், ஏற்றிப் போகிறதா காலியாகத் திரும்புகிறதா, தார்ப்பாய் மூடியிருக்கிறதா என்று ஐந்து கட்டம் போடுங்கள். மாதம் முழுக்க எண்ண வேண்டாம். வாரத்தில் ஒரு முழு நாள், அதோடு ஓரிரு இரவுகள். பிறகு அதே தேதிகளுக்கு மட்டும் நடைச்சீட்டுப் பதிவை வண்டி எண்ணுடன் கேளுங்கள். உங்கள் நோட்டில் 38 வண்டி, பதிவில் 11 என்றால் வேறு வாதமே தேவையில்லை. ஒரே சீட்டில் ஒரே வண்டி மூன்று நடை போவதும் இந்த முறையில்தான் பிடிபடும்.

11. வெடி வெச்சா சுவர் அதிருது, விரிசல் விட்டுடுச்சு. பழைய விரிசல்னு சொல்லிடறாங்க.

அப்படிச் சொல்ல முடியாதபடி பதிவு வைக்க வேண்டும். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் மெல்லிய கண்ணாடித் துண்டை இரு பக்கமும் பசை வைத்து ஒட்டுங்கள். விரிசல் அகன்றால் கண்ணாடி உடையும். பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். வெடித்த ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், எத்தனை சத்தம், கல் தெறித்ததா என்று எழுதி வையுங்கள். குவாரி தொடங்குவதற்கு முன்பே காட்டோர வீடுகளை எல்லாம் ஒருமுறை படம் எடுத்து வைத்த ஊர் பின்னால் அலைய வேண்டியதில்லை.

அதிர்வுக்கு அளவு உண்டு. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997-ஆம் ஆண்டு வரையறைப்படி, ஊர் வீடுகளுக்கு அதிர்வெண்ணைப் பொறுத்து நொடிக்கு 5 முதல் 15 மில்லிமீட்டர் வரைதான் அனுமதி. இதைப் போனில் உள்ள செயலியால் அளக்க முடியாது, அதற்கெனக் கருவி இருக்கிறது. வெடி வைக்கும் நாளில் உங்கள் வீட்டுத் திண்ணையில் கருவி வைத்து அளக்கச் சொல்லி அந்த இயக்குநரகத்துக்கும் ஆட்சியருக்கும் எழுதுங்கள். இருட்டிய பிறகு வெடி வைத்தால் நேரத்தோடு காணொளி எடுத்து அன்றைக்கே புகார் கொடுங்கள்.

12. தூசிக்கு என்ன பண்றது? எங்க ஊர்ப் பசங்களே அங்க வேலை செய்றாங்க, அவங்க பொழப்புல மண்ணைப் போடற மாதிரி ஆயிடக் கூடாது.

தூசியில் முதலில் பாதிக்கப்படுவது அந்தப் பிள்ளைகள்தான். பாறைத் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் வரும், வந்தால் திரும்பாது. துளை போடும்போது தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே போட வேண்டும் என்பது அனுமதி நிபந்தனைகளில் வழக்கமாக இருக்கும் ஒன்று. ஜாக்ஹேமர் துளைக்கும்போது வெள்ளைப் புகை போல எழும்பினால் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். சேறாக வழிந்தால் சரி. ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றே இதைப் படம் எடுக்கலாம். இந்த ஒரு நிபந்தனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தால் வேலையும் போகாது, மூச்சும் போகாது.

ஊருக்குள் தூசி என்றால், 10 மைக்ரான் துகள் 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அளக்க வேண்டியது மாசுக்கட்டுப்பாட்டு வாரியம். மழை நாளில் வந்து அளந்துவிட்டுப் போகாதபடி, கிரஷர் ஓடும் வறண்ட நாளில், காற்று வீசும் திசையில் உள்ள வீட்டில் அளக்க வேண்டும் என்று மனுவிலேயே குறிப்பிடுங்கள்.

13. கிணத்துல தண்ணி இறங்கிடுச்சு. குவாரிதான் காரணமுங்களா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நம்முடையது கடினப் பாறைப் பகுதி, தண்ணீர் விரிசல் வழியாகத்தான் ஓடுகிறது. குழி அந்த விரிசலை வெட்டினால் மேலே உள்ள கிணறு வற்றும், வெட்டாவிட்டால் பக்கத்துக் கிணறுகூட அப்படியே இருக்கும். பருவமழை பொய்த்தாலும் நீர்மட்டம் இறங்கும் என்பதால் ஒரு கிணற்றை மட்டும் காட்டி வாதாட முடியாது.

குவாரிக்கு அருகே மூன்று திறந்த கிணறு, இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இரண்டு கிணறு எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்றுச் சுவரில் பெயின்ட்டால் ஒரு குறி போட்டு, மாதம் ஒருமுறை விடியற்காலை மோட்டார் போடுவதற்கு முன், கல் கட்டிய கயிறால் குறியிலிருந்து நீர் வரை அளந்து எழுதுங்கள். தள்ளியுள்ள கிணறு நிற்க, அருகில் உள்ளவை மட்டும் இறங்கினால் சந்தேகத்துக்கு வலு வருகிறது. குழியிலிருந்து பம்பு வைத்துத் தண்ணீரை வெளியே இறைத்தால் அந்தத் தேதிகளையும் சேர்த்துக் குறியுங்கள். இதற்கு ஓராண்டாவது பிடிக்கும், குறுக்குவழி இல்லை.

14. யானை வர்ற வழியிலயே குவாரி வந்துடுச்சு. இதை யார்கிட்டச் சொல்றது?

மாவட்ட வன அலுவலரிடம். அக்டோபர் வாக்கில் பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு, போடூர்பள்ளம் காடுகளுக்கு யானைக் கூட்டம் இறங்குவது வனத் துறைக்கே தெரிந்த விஷயம். நீங்கள் தர வேண்டியது இடம், தேதி. ராகியும் தக்காளியும் மிதிபட்டதற்கு இழப்பீடு கேட்டுக் கொடுத்த மனுக்களின் நகல்களைப் புல எண்ணோடு திரட்டுங்கள். யானை எந்த வழியாக வந்தது என்பதற்கு அரசுக் கோப்பிலேயே உள்ள சாட்சி அவை. அறிவிக்கப்பட்ட யானை வழித்தடத்துக்கு ஒரு கிலோமீட்டர் விதி இன்னும் இருக்கிறது (கேள்வி 3).

தடம் பார்க்கிறோம் என்று விடியலிலும் அந்தியிலும் காட்டோரம் போக வேண்டாம். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றமும்கூட.

15. காட்டுக்குள்ள துளை போடற வண்டி நிக்குது. எண்ணெய், மீத்தேன் எடுக்கப் போறாங்களா?

இல்லை. எண்ணெயும் எரிவாயுவும் படிவுப் பாறையில் கிடைப்பவை. தமிழ்நாட்டில் அது நாகை, திருவாரூர், ராமநாதபுரம் பக்கத்துக் காவிரிப் படுகை. நம் மாவட்டங்களின் அடியில் இருப்பது நைஸ், சார்னோகைட் போன்ற பழம்பாறை. இங்கே போகும் எரிவாயு என்பது கெயில் நிறுவனத்தின் குழாய்ப் பாதை. அதற்கு 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலத்தில் பயன்பாட்டு உரிமை எடுப்பார்கள், அது தனிக் கதை.

நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் கனிம ஆய்வுத் துளையாக இருக்கும். அரூர் - ஊத்தங்கரைப் பட்டையில் மாலிப்டினம் என்ற உலோகக் கனிமம் உள்ளதா என்று இந்தியப் புவியியல் ஆய்வகம் ஆராய்ந்திருக்கிறது. அடையாளம் எளிது: நீண்ட பெட்டிகளில் வரிசையாக அடுக்கிய, 5 முதல் 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள பாறை உருளைகள், பக்கத்தில் சேற்றுக்குழி, தண்ணீர் டேங்கர். 2023-இல் திருத்திய வனப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய ஆய்வுக்கு மத்திய அரசின் நிபந்தனைகளின் பேரில் விலக்கு தர இடம் கொடுக்கிறது. அதனால் கேட்க வேண்டியவை இவை: காட்டுக்குள் நுழைய வனத் துறை தந்த அனுமதி ஆணை, துளைகளின் எண்ணிக்கையும் இடமும், வெட்டிய மரங்கள், தண்ணீர் எங்கிருந்து, முடிந்ததும் துளையை சிமென்ட் போட்டு அடைத்தார்களா, சேற்றுக்குழியை மூடினார்களா. மூடாத குழியில் ஆடு விழும், யானைக்குட்டியும் விழும்.

16. டிரோன் விட்டுப் படம் எடுத்துடலாமே?

வேண்டாம். 2021 டிரோன் விதிகள், வனத் துறை அனுமதி என்று இரண்டு சிக்கல் உண்டு, சரணாலயம் என்றால் கூடுதலாக ஒன்று. கேள்வி 8-இல் சொன்ன செயற்கைக்கோள் படம் போதும்.

17. போட்டோ வெச்சிருக்கோம், வாட்ஸ்அப்ல அனுப்பிட்டோம். அது போதுங்களா?

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும். மூலக் கோப்பை அழிக்காமல் போனிலும் பென்டிரைவிலும் வையுங்கள். அனுப்புவதானால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். நீதிமன்றத்துக்குப் போனால் 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் தர வேண்டியிருக்கும், எடுத்தவர் யார், எந்தப் போன் என்று அதில் கேட்பார்கள். மாதாமாதம் ஒரே இடத்தில் நின்று, ஒரு மின்கம்பமோ கோயில் கோபுரமோ படத்தில் விழும்படி எடுத்தால் குழி வளர்வது தானாகத் தெரியும்.

18. கருத்துக் கேட்புக் கூட்டம்னு நோட்டீஸ் வந்திருக்குது. அங்க என்ன பேசணும்?

500 மீட்டருக்குள் அடுத்தடுத்து உள்ள குத்தகைகளின் மொத்தப் பரப்பு ஐந்து ஹெக்டேரைத் தாண்டினால் அவற்றைக் கூட்டாகப் பார்த்து இந்தக் கூட்டம் நடத்த வேண்டும். அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் இடையே குறைந்தது 30 நாள் இருக்க வேண்டும். தமிழில் சுருக்க அறிக்கை கிடைக்க வேண்டும். அந்த 30 நாளில் அறிக்கையைப் படித்து, அதில் விட்டுப்போனதைப் பட்டியல் போடுங்கள்: 300 மீட்டருக்குள் உள்ள வீடுகள், வரைபடத்தில் காணாமல் போன ஓடை, யானை வரும் வழி, பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் குவாரி, ஏற்கெனவே வெட்டிய பழைய குழி.

கூட்டத்தில் ஓட்டெடுப்பு கிடையாது. 'வேண்டாம்' என்று 500 பேர் கத்தியது நிகழ்ச்சிக் குறிப்பில் ஒரு வரியாகச் சுருங்கும்; புல எண்ணோடு ஒருவர் சொன்ன ஆட்சேபத்துக்கு அவர்கள் பதில் எழுதியாக வேண்டும். பேசுவதை எழுத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். முடிவில் குறிப்பைத் தமிழில் வாசிக்க வேண்டும், நீங்கள் சொன்னது விட்டுப்போயிருந்தால் அங்கேயே சொல்லிச் சேர்க்கச் செய்யுங்கள்.

19. மனு கொடுத்து மாசக்கணக்காச்சு. ஒண்ணும் நடக்கலைங்க.

எங்கே கொடுத்தீர்கள் என்று பாருங்கள். அளவு, எல்லை, நடைச்சீட்டு என்றால் சுரங்கத் துறை உதவி இயக்குநர். தூசி, சத்தம் என்றால் மாசுக்கட்டுப்பாட்டு வாரியம். வெடி, படிக்கட்டு என்றால் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம். காடு என்றால் வன அலுவலர். ஒரே மனுவில் எல்லாவற்றையும் எழுதினால் ஒவ்வொருவரும் அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார்கள். துறைக்கு ஒரு பக்க மனு, ஆட்சியருக்கு எல்லாவற்றின் நகல். கிராம சபையிலும் தீர்மானமாகப் போடுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது.

மனு எண்ணைக் குறிப்பிட்டு 'இதன் மேல் எடுத்த நடவடிக்கைக் குறிப்புகளின் நகல்' என்று தகவல் உரிமையில் கேட்டால் கோப்பு நகரத் தொடங்கும். அதற்கும் மேல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், தென்மண்டல அமர்வு சென்னையில். அங்கே காலக்கெடு கறாரானது: புதிய அனுமதியை எதிர்க்க 30 நாள், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள், நடந்துவரும் சுற்றுச்சூழல் கேட்டுக்கு, அது முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், அதற்கு மேல் 60 நாள். அலுவலகப் பதிலுக்குக் காத்திருந்தே இந்த நாட்களைக் கோட்டைவிட்ட ஊர்கள் உண்டு. முதல் மனு கொடுத்த அன்றே நாட்காட்டியில் கடைசித் தேதியைக் குறித்துவிடுங்கள்.

20. மிரட்டினா என்னங்க பண்றது?

இதை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே குவாரி முறைகேடுகளைப் புகார் செய்துவந்த ஒருவர் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். யாரும் தனியாளாக முன்னே நிற்கக் கூடாது. மனுவில் குறைந்தது பத்துப் பேர் கையெழுத்து, தகவல் உரிமை மனுக்கள் வெவ்வேறு பெயர்களில், நோட்டும் படமும் குறைந்தது இரண்டு வீடுகளில். லாரி எண்ணுவது சாலையோரத் திண்ணையிலோ கடையிலோ இருந்தபடிதான். இரவில் பைக்கில் பின்தொடர்வது கூடவே கூடாது. மிரட்டல் வந்தால் அன்றே காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து மனு ரசீது வாங்கி, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை.

21. குத்தகை முடிஞ்சு போட்டுட்டுப் போயிட்டாங்க. குழி நெறைய தண்ணி. இனி யார் பொறுப்பு?

குத்தகைதாரர்தான். சுரங்கத் திட்டத்தின் கடைசிப் பகுதியில் மூடுதல் திட்டம் இருக்கும்: சுற்றிலும் வேலி, விளிம்பில் மரம், கழிவுக்குவியலைச் சரிவாகத் திருத்துதல், மழைநீர் வடிகால். அது நிறைவேறியதா என்று குத்தகை முடியும் ஆண்டிலேயே கேட்பது நல்லது. பாதுகாப்பு வைப்புத்தொகை அரசிடம் இருக்கும்வரைதான் பிடி இருக்கும். 'மூடுதல் பணி முடிந்ததைக் களத்தில் பார்க்காமல் வைப்புத்தொகையைத் திருப்பித் தரக் கூடாது' என்று கிராம சபைத் தீர்மானம் போட்டு உதவி இயக்குநருக்கு அனுப்புங்கள்.

அதற்குள் கோடை விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் குளிக்கப் போவார்கள். விளிம்பிலிருந்து ஓரடி தள்ளினாலே பத்து மீட்டர் ஆழம் இருக்கும், ஏறிவரப் படியும் இருக்காது. தற்காலிக முள்வேலியும் எச்சரிக்கைப் பலகையும் போட ஊராட்சித் தலைவரும் வட்டாட்சியரும் உத்தரவிடலாம். மனுவில் குழியின் புல எண்ணையும், பள்ளிக்கூடத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பதையும் முதல் வரியிலேயே எழுதுங்கள்.